துறைமுகத்துக்கு இடம் பார்த்த கதை

(வரலாற்றுத் துறை முன்னாள் மாணவி, 1974–77 அணி)

மலர்க் குழுவிலிருந்து ஒரு மாலையில் போன் வந்தது. "அக்கா, நீங்க ஹிஸ்டரி மேஜர். மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை கண்டிப்பா வேணும்" என்றாள் நமக்கு நான்கு வருடம் ஜூனியரான ஒரு தங்கை. "போர்ட்டைப் பற்றி எழுதட்டுமா?" என்று கேட்டேன். "மெட்ராஸ் ஹார்பரா? ரொம்ப சந்தோஷம்க்கா!" என்று போனை வைத்துவிட்டாள். நான் சொல்ல வந்த போர்ட் வேறு. இருந்தாலும் அவள் ஆசையைக் கெடுப்பானேன்? ஹார்பரிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டாம் ஆண்டில் நம் பேராசிரியர் சென்னை உருவான கதையை நடத்தியது என் அணித் தோழியருக்கு நினைவிருக்கும். 1639 இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்தக் கரையைத் தேர்ந்தெடுத்தார். கப்பல் ஒதுங்க இங்கே ஒரு குடா கிடையாது. அலையோ ஆளைத் தூக்கிப் போடும். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கப்பல்கள் தள்ளி நிற்க, மசூலாப் படகுகளில்தான் ஆளும் சரக்கும் கரை சேர்ந்தன. டேக்குச் சாந்தோமில் ஒரு பெண்மணியிடம் பிரியம், அவளுக்குப் பக்கத்தில் இருக்கத்தான் இந்த இடத்தைப் பிடித்தார் என்று பழைய வம்பு ஒன்று உண்டு. அதைச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்துவிட்டு, பேராசிரியர் சட்டென்று குரலை மாற்றுவார். "சிரிச்சது போதும். எடத்தைத் தேர்ந்தெடுத்தது யாரு? யாரோட வசதிக்காக? இந்த ரெண்டு கேள்வியையும் கேட்டுப் பழகுங்கம்மா. பாதி சரித்திரம் புரிஞ்சிடும்."

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தினேன். அந்த இரண்டு கேள்விகளையும் என் மாணவிகளுக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஆனால் அவற்றை என் உடம்பைப் பற்றியே ஒருநாள் கேட்க வேண்டியிருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

2018 ஆம் ஆண்டில் எனக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். அறுவை சிகிச்சை முடிந்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீதம் பன்னிரண்டு தடவை கீமோ என்று முடிவாயிற்று. முதல் தடவை முன்கையில் ஏற்றினார்கள். சிஸ்டர் நான்கு இடத்தில் குத்திப் பார்த்துவிட்டு, "நரம்பு கிடைக்கலம்மா" என்றார். (பேச்சில் நாம் எல்லோரும் நரம்பு என்கிறோம். இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்க்குச் சிரை என்பதுதான் சரியான பெயர்.) ஐந்தாவது குத்தில் கிடைத்தது. மருந்து இறங்க இறங்க, முழங்கை வரை நெருப்பு வைத்தாற்போல் எரிந்தது. மறுநாள் டாக்டர் வந்து பார்த்து, "இன்னும் பதினொண்ணு இருக்கு. கை தாங்காது. ஒரு போர்ட் வெச்சிடலாம்" என்றார்.

அந்த நிமிடத்தில் எனக்கு நினைவு வந்தது என் விடுதி அறைத்தோழிதான். பெயர் வேண்டாம். ஆண்டு விழா நாடகத்தில் கட்டபொம்மன் வேடம் போட்டு, மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும்படி வசனம் பேசியவள் என்றால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். 1994 இல் அவளுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. கீமோ முழுவதும் கைச் சிரைகளில்தான். இரண்டு கையும் கறுத்து, சிரைகள் கயிறு போல் இறுகிப் போயின. கடைசித் தவணைகளில் பாதத்தில் குத்தினார்கள். 1995 இல் நாம் சந்தித்தபோது எடுத்த குரூப் போட்டோவை எடுத்துப் பாருங்கள். இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறாள். 1997 இல் போய்விட்டாள். நோயைவிட ஊசிக்குத்தான் அதிகம் பயந்தாள் என்று அவள் அம்மா என்னிடம் சொன்னார்கள்.

போர்ட் என்ற கருவி 1982 இலேயே வந்துவிட்டது என்பது அப்போது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் படுத்திருந்த ஊருக்கு அது வந்து சேரவுமில்லை. அதனால்தான் என் முறை வந்தபோது, அந்தக் கருவியின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். படித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

முழங்கையில் தொடங்கிய வழி

சிரை வழியாக உயிர் காக்கலாம் என்ற எண்ணத்துக்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. 1831–32 இல் பிரிட்டனில் காலரா பரவியபோது, ஓ'ஷானஸி என்ற 22 வயது மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் வெகுவாகக் குறைந்துவிடுகின்றன என்று கண்டார். இழந்ததைச் சிரை வழியே திருப்பிக் கொடுக்கலாம் என்றும் எழுதினார். இவர் யார் தெரியுமா? 1833 இல் கல்கத்தாவுக்கு வந்து, 1850களில் இந்தியாவெங்கும் தந்திக் கம்பி இழுத்தாரே, அவரேதான்! டல்ஹௌசி பாடத்தில் நாம் மனப்பாடம் செய்த அந்தத் தந்தி.

அவர் எழுதியதைச் செய்து பார்த்தவர் ஸ்காட்லாந்தின் லீத் நகரில் இருந்த தாமஸ் லாட்டா. 1832 இல், சாகும் நிலையில் இருந்த ஒரு மூதாட்டிக்கு, முழங்கையின் உட்பக்கச் சிரையில் குழாய் வைத்து உப்பு நீரைச் செலுத்தினார். அரை மணி நேரத்தில் ஆறு பைண்ட், அதாவது மூன்று லிட்டருக்கும் மேல். குழிந்த கண்கள் தெளிந்தன, நாடி திரும்பியது. லாட்டா அவளை அங்கிருந்த மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுக்கப் போனார். பேதி மறுபடி தொடங்கிற்று. மறுபடி நீர் ஏற்றுவார் இல்லை. சில மணி நேரத்தில் அவள் இறந்துபோனாள். ஒரு தடவை வழி திறந்தால் போதாது, திரும்பத் திரும்பப் போய்வர வழி வேண்டும் என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

லாட்டா ஏன் முழங்கையைத் தேர்ந்தெடுத்தார்? அங்கேதான் சிரை கண்ணுக்குத் தெரியும். மருத்துவரின் கண்ணுக்கு வசதியான இடம். ஏறத்தாழ நூறாண்டுகள் அந்த வசதிதான் இடத்தை முடிவு செய்தது.

1929 இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்ட் என்ற சிற்றூரில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் மருத்துவர் ஒரு விபரீதம் செய்தார். முழங்கைச் சிரை வழியே ஒரு மெல்லிய குழாயை இதயம் வரை தள்ள முடியும் என்பது அவர் நம்பிக்கை. மேலதிகாரி அனுமதிக்கவில்லை. ஒரு நர்ஸ் "என் மேலேயே செய்யுங்கள்" என்று முன்வந்தார். அவரை மேஜையில் கட்டிப் படுக்க வைத்துவிட்டு, ஃபோர்ஸ்மன் தம் இடது முழங்கையையே கீறி, 65 சென்டிமீட்டர் குழாயை உள்ளே தள்ளினார். பிறகு படியிறங்கி நடந்து போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். குழாயின் நுனி இதயத்துக்குள் இருந்தது! பாராட்டுக்குப் பதில் ஏச்சுத்தான் கிடைத்தது. 1956 இல் வேறு இருவரோடு சேர்த்து நோபல் பரிசு தந்தார்கள். இடையில் அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்திருந்தார் என்பதையும் சரித்திர மாணவி மறைக்கக் கூடாது. ஆனால் இந்த நெடுங்கதையில் நான் கண்டவரையில், இடத்தைத் தேர்ந்தெடுத்தவரும் குத்துப்பட்டவரும் ஒரே ஆளாக இருந்தது அந்த ஒரு தடவைதான்.

காறை எலும்பின் கீழே

1952 இல் ஓபனியாக் என்ற பிரெஞ்சு இராணுவ மருத்துவர் வேறொரு இடத்தைப் பற்றி எழுதினார். இரத்தம் கொட்டிக் கிடக்கும் சிப்பாய்க்குக் கைச் சிரைகள் எல்லாம் சுருங்கிப் போய்விடும், ஊசி ஏறாது. காறை எலும்புக்கு அடியில் ஓடும் பெரிய சிரையோ சுற்றியுள்ள தசையோடு ஒட்டி, எப்போதும் திறந்தே இருக்கும். அவர் அதைப் பயன்படுத்தினார். போர்க்களத்துக்கு ஏற்ற இடம். ஆபத்தும் உண்டு, நுரையீரலின் உச்சி அதற்கு அடுத்தாற்போலவே இருக்கிறது. ஊசி கொஞ்சம் பிசகினால் காற்று வெளியேறி நுரையீரல் சுருங்கும்.

அடுத்த பெரிய படி அமெரிக்காவின் பிலடெல்பியாவில். 1967 இல், குடல் ஏறக்குறைய இல்லாமலே பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு, ஸ்டான்லி டட்ரிக்கும் உடனிருந்த மருத்துவர்களும் சிரை வழியாகவே முழு உணவும் கொடுத்தார்கள். கழுத்துச் சிரையில் குழாயை நுழைத்து, மறுமுனையைத் தோலுக்கடியில் சுரங்கம் போலக் கொண்டுபோய், காதுக்குப் பின்னால் தலைப்பக்கம் வெளியே எடுத்தார்கள். குழாய் சிரைக்குள் நுழையும் இடமும் தோலைவிட்டு வெளிவரும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இங்கே கவனியுங்கள்.

சியாட்டில் நகரத்தில் இதை மேலும் வளர்த்தார்கள். 1973 இல் புரோவியாக், 1979 இல் ஹிக்மன் ஆகியோர் பெயரால் வழங்கும் குழாய்கள் அங்கே வந்தன. வெளிவாயில் மார்பில் அமைந்தது. வீட்டிலேயே சிரை வழி உணவு ஏற்றிக்கொள்ளும் நோயாளி, குனிந்து பார்த்து, இரண்டு கையாலும் தானே கையாளக் கூடிய இடம் அது. நோயாளியின் வசதி கணக்கில் சேரத் தொடங்கியது இங்கேதான். ஆனால் குழாய் எந்நேரமும் வெளியே தொங்கிக்கொண்டிருக்கும். கட்டுப் போட வேண்டும், நனையாமல் குளிக்க வேண்டும், கிருமி நுழைய ஒரு வாசல் எப்போதும் திறந்திருக்கும்.

அந்த வாசலை மூடியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் நீடர்ஹியூபர். 1982 இல் அவர் குழுவினர் வெளியிட்ட முறையில், எல்லாமே தோலுக்கு அடியில். பழைய ரூபாய் நாணயம் அளவில் ஒரு சிறு டப்பா, அதன் மேல் கெட்டியான சிலிக்கோன் மூடி. டப்பாவிலிருந்து ஒரு மெல்லிய குழாய் பெரிய சிரைக்குள் போய், இதய வாசலில் முடியும். அங்கே நிமிடத்துக்குச் சுமார் இரண்டு லிட்டர் இரத்தம் ஓடுவதால், எரிக்கும் மருந்தும் உடனே கரைந்து போய்விடுகிறது. வேண்டியபோது தோல் வழியே மூடியில் ஊசியைக் குத்தினால் போதும். சாதாரண ஊசி மூடியைத் துளைத்துத் துளைத்துப் பிய்த்துவிடும் என்பதால், முனை வளைந்த ஊசி ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். 1940களில் அதை உருவாக்கியவர் சியாட்டிலின் ஒரு பல் மருத்துவர், ரால்ஃப் ஹியூபர். அந்த ஊசியால் ஆயிரம் தடவைக்கு மேல் குத்தினாலும் மூடி தாங்கும்.

வாயில் மாறிய துறைமுகம்

கருவி வந்த பிறகும் இடச் சண்டை ஓயவில்லை. காறை எலும்புக்கு அடியில் குழாயை நுழைத்தால், அந்த எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே, பாக்குவெட்டிக்கு நடுவே பாக்குப் போல, சில பேருக்குக் குழாய் நசுங்கியது. சிலருக்கு அறுந்தே போயிற்று. 1984 இல் மருத்துவ இதழில் இதைப் பற்றி எச்சரித்தார்கள். பிறகு அல்ட்ராசவுண்ட் கருவி கைக்கு வந்தது. சிரையைத் திரையில் பார்த்துக்கொண்டே ஊசியைச் செலுத்த முடிந்ததும், பல இடங்களில் கழுத்துச் சிரைக்கு மாறினார்கள். கழுத்தின் வலப்பக்கச் சிரை இதயத்துக்கு நேர்கோடு போல இறங்குகிறது. இடப்பக்கமானால் வளைந்து சுற்றிப் போக வேண்டும்.

நம் சென்னைத் துறைமுகக் கதையும் இப்படித்தானே? 1875 இல் கட்டத் தொடங்கினார்கள். 1881 புயலில் சுவர்கள் சிதைந்தன. பிறகு கிழக்கே இருந்த வாயிலை மூடி, வடகிழக்குக்கு மாற்ற வேண்டி வந்தது. கடலும் உடம்பும் ஒரு தடவையில் பாடம் சொல்லித் தருவதில்லை.

1990களில் இன்னொரு தேர்வும் சேர்ந்தது. மேல்கையின் உட்பக்கம் வைக்கும் சிறிய போர்ட். லாட்டா அன்று தேடிப்போன அதே உட்பக்கச் சிரைதான், கொஞ்சம் மேலே. நெஞ்சில் தழும்பு இல்லை, நுரையீரலுக்கு ஆபத்தில்லை. ஆனால் சிரை சிறியது. குழாய் உறுத்தி, இரத்தம் உறைந்து கை வீங்க இடமுண்டு.

என் துறைமுகம்

இனி என் கதை. அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் டாக்டரம்மா வந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். "ரைட் சைடு செஸ்ட்ல வைக்கிறோம்மா, கையெழுத்துப் போடுங்க" என்று ஃபாரத்தை நீட்டினார். நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏன் டாக்டர் வலது பக்கம்? வேற எங்கெல்லாம் வைக்கலாம்?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவங்களுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? பேசாம போடு" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்டால் டாக்டருக்குக் கோபம் வரும் என்று நினைத்து வளர்ந்த தலைமுறை நம்முடையது.

ஆனால் அந்த டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நல்ல கேள்விம்மா. சிரைக்கு எது நல்லதுன்னு நான் சொல்றேன். உங்க பழக்கத்துக்கு எது சரியா வரும்னு நீங்க சொல்லுங்க" என்றார். சிரைக் கணக்கை அவர் சொன்னார். வலப்பக்கம் வழி நேர், குழாய் நீளம் குறைவு. மார்பகத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு வழக்கமாக எதிர்ப்பக்கம் வைப்பார்கள், அந்தப் பிரச்சினை எனக்கு இல்லை. பேஸ்மேக்கர் இல்லை. ஆகவே வலது கழுத்துச் சிரைதான் முதல் தேர்வு.

என் கணக்கை நான் சொன்னேன். முந்தானை இடது தோளில், அங்கே பின் குத்துவேன். அதனால் வலது பக்கம் வைத்தால் பின் உறுத்தாது. ஆனால் முந்தானை இல்லாத பக்கம் என்பதால், ஜாக்கெட் கழுத்துக்கு மேலே வந்தால் எல்லோர் கண்ணிலும் படும். உள்ளாடைப் பட்டை அழுத்தும் இடமும் கூடாது. முப்பது வருடமாகக் கைப்பையை மாட்டியது வலது தோளில்தான். பேரனை இடுப்பில் தூக்குவது இடப்பக்கம், அவன் தலை இடது தோளில் இடிக்கும்.

அமெரிக்காவிலிருந்து மகன் போனில், "அம்மா, சீட் பெல்ட்டை மறந்துடாதே. இங்க டிரைவருக்கு பெல்ட் இடது தோள்ல வருது, பக்கத்து சீட்டுக்கு வலது தோள்ல" என்றான். நம் ஊரில் அது தலைகீழ். காரை ஓட்டுவது என் வீட்டுக்காரர். நான் அவருக்கு இடப்பக்கம் உட்கார்கிறேன், பெல்ட் என் இடது தோளில்தான் வரும். வலப்பக்கத்துக்கு இன்னொரு ஓட்டு விழுந்தது.

கையில் வைப்பதைப் பற்றியும் பேசினோம். ஜாக்கெட் கைக்குள் மறைந்துவிடுமே என்று எனக்கு ஆசைதான். ஆனால் என் மருந்து ஒவ்வொரு தடவையும் 46 மணி நேரம், பால் பாட்டில் அளவு பம்ப்பிலிருந்து வீட்டிலேயே இறங்க வேண்டியது. ஊசி ஏறிய கையோடு இரண்டு நாள் சமையல், தூக்கம், எழுத்து எல்லாம் சங்கடம் என்று தோன்றியது. கை வீங்கும் பயமும் இருந்தது. வேண்டாம் என்று விட்டேன்.

கடைசியில் டாக்டரம்மா சொன்னார்: "நாளைக்குப் படுக்க வெச்ச பிறகு மார்க் பண்ணினா தோல் நகர்ந்துடும். இப்பவே உட்கார்ந்தபடி புடவையோட பார்த்திடலாம்." நான் வழக்கமாக உடுத்துவது போல உடுத்தி உட்கார்ந்தேன். வலது காறை எலும்புக்குச் சுமார் மூன்று விரல் கீழே, ஜாக்கெட்டுக்கு உள்ளே, பட்டைக்குச் சற்றே தள்ளி, ஊதா மையால் ஒரு வட்டம் போட்டார். கைப்பை மட்டும் இடது தோளுக்கு மாறியது. பையைத் தோள் மாற்றலாம், சிரையை மாற்ற முடியாதே!

மறுநாள் மரத்துப் போகும் ஊசி போட்டு, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. எக்ஸ்ரேயில் குழாய் நுனியைக் காட்டினார்கள். நான் ஃபோர்ஸ்மன்னை நினைத்துக்கொண்டேன். மீதி பதினொரு தவணையும் அதன் வழியே இறங்கின. ஒவ்வொரு தடவையும் ஒரே குத்து. சிகிச்சை முடிந்த பின், அடைத்துக்கொள்ளாமலிருக்கக் குறிப்பிட்ட இடைவெளியில் போய் மருந்து நீர் விட்டுக் கழுவிக்கொண்டு வந்தேன். 2020 இல் எடுத்துவிட்டார்கள். ஓர் அங்குலத் தழும்புதான் மிச்சம்.

தோழியரே, நம் வயதில் இனி இந்த வார்த்தை யார் வீட்டிலாவது ஒருநாள் கேட்கத்தான் போகிறது. கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். எனக்குப் போர்ட் தேவையா, எத்தனை நாளைக்கு? எந்தச் சிரை, எந்தப் பக்கம், ஏன்? டப்பா சரியாக எந்த இடத்தில் உட்காரும், அங்கே என் உடை, பை, பெல்ட் எது படும்? யார் கழுவி விடுவார்கள், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை? குளிர் காய்ச்சலோ, கை வீக்கமோ வந்தால் ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது? டாக்டர் ஒருவேளை, "உங்க விஷயத்தில் வேற இடமே இல்லை" என்று சொல்லலாம். அதுவும் ஒரு பதில்தான். கேட்டுத் தெரிந்துகொண்டு படுப்பதற்கும், தெரியாமல் படுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

எடத்தைத் தேர்ந்தெடுத்தது யாரு, யாரோட வசதிக்காக என்ற கேள்விகளை அந்தப் பேராசிரியர் பரீட்சைக்காகச் சொல்லித் தந்தார் என்றுதான் நினைத்திருந்தேன். என் அறைத்தோழியும் அதே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அதைக் கேட்டாள். அவள் படுத்திருந்த காலத்தில் கேட்க வாயிருந்தும் கேட்டால் கிடைக்க ஒன்றும் இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது.

சந்திப்பு நாளன்று வலது பக்கத் தழும்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் தயங்காமல் கேளுங்கள். காட்டுகிறேன். இந்த முறை குரூப் போட்டோவில் முந்தானைக்குள் எதையும் மறைத்துக்கொண்டு யாரும் நிற்க வேண்டாம்.